பாக்கியாவ் அடி தாங்காதவரா?

நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2012-ல் மெக்சிகோவின் மார்க்கெஸ் அடித்து, பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் முகம் குப்புறக் கிடக்கும் அதே பழைய படம். மேலே, "சின்ன உடம்புக்காரன் பெரிய வெயிட்டுக்குப் போனால் இதுதான் கதி. அடி தாங்காத ஆள், கேட்ச்வெயிட் சாம்பியன்" என்று இரண்டு வரி. (கேட்ச்வெயிட் என்றால் வழக்கமான பிரிவு வரம்பை விட்டு, இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்கிற எடை.) அதற்கு அத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் பாக்சிங் தெரிந்த என் நண்பர்களும் உண்டு. எனக்கு அதுதான் வலிக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாக்கியாவ் மேலே போனதால் உடையவில்லை. கீழே இருந்தபோதுதான் உடைந்தார்.

1995-ல் 16 வயதில் தொழில்முறை சண்டைக்கு வந்தபோது அவர் ஆடியது 106 பவுண்டில். 1998 டிசம்பரில் தாய்லாந்தின் சாட்சாய் சாசகுலை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி 112 பவுண்டில் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு இன்னும் 20 வயது முடியவில்லை. வளர்கிற உடம்பு. அந்த உடம்பை மறுபடியும் மறுபடியும் 112-க்குள் அடக்கப் பார்த்தார்கள். 1999 செப்டம்பரில் தாய்லாந்தின் மெட்கோயனோடு சண்டை. எடை வரம்புக்குள் வரவில்லை, தராசின் மேலேயே டைட்டில் போய்விட்டது. வற்றிய உடம்போடு ரிங்கில் ஏறி, மூன்றாவது ரவுண்டில் வயிற்றில் விழுந்த ஒரு அடியில் உட்கார்ந்துவிட்டார். 1996-ல் டோரெகாம்போவிடம் விழுந்த சண்டைக்கும் எடை கூடித்தான் வந்திருந்தார். அவருடைய முதல் இரண்டு தோல்விகளும் இவைதான். இரண்டுமே நாக் அவுட். இரண்டிலும் எதிராளிக்கு முன்னால் தராசு அவரை அடித்திருந்தது.

அப்புறம் என்ன செய்தார்? 115, 118 என்ற இரண்டு எடைப் பிரிவுகளையும் தாண்டி நேராக 122 பவுண்டுக்குப் போனார். 2001 ஜூனில், இரண்டு வார அவகாசத்தில் வேறொருவருக்குப் பதிலாக லாஸ் வேகாஸில் இறங்கி லெட்வாபாவை ஆறாவது ரவுண்டில் முடித்தார். 2003-ல் 126-ல் பாரேராவைப் பதினோராவது ரவுண்டில். 2008-ல் 130, 135. அந்த வருடம் டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயா எட்டு ரவுண்டுக்குப் பிறகு ஸ்டூலை விட்டு எழவில்லை. 2009-ல் ஹாட்டன் இரண்டாவது ரவுண்டில், கோட்டோ பன்னிரண்டாவதில். 1999 செப்டம்பரிலிருந்து 2012 டிசம்பர் வரை 13 வருடம், ஒருவராலும் அவரை நிறுத்த முடியவில்லை. எடை கூடக்கூட எதிரில் நின்றவர்களின் கையும் கனத்தது. ஆனாலும் அவர் நின்றார். இவரா அடி தாங்காதவர்?

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. அவர் சாப்பிட்டார். டி லா ஹோயாவோடு சண்டை நடந்த வெல்டர்வெயிட் பிரிவின் வரம்பு 147 பவுண்டு. அன்று பாக்கியாவ் காட்டிய எடை 142. எடையைக் குறைக்கிற கஷ்டம் போய், கூட்டுவதுதான் கஷ்டம் என்று ஆனது. தண்ணீர் குடித்து, வயிறு நிறைந்து ரிங்கில் ஏறுகிறவனின் கால் நிற்கும். கால் நின்றால் அடி தாங்கும். தாடை மட்டும் வாங்குகிற அடி என்று ஒன்று கிடையாது, உடம்பு முழுக்கத்தான் வாங்குகிறது.

"கேட்ச்வெயிட் வைத்து எதிராளியை வற்ற வைத்தார்" என்பீர்கள். சரி, டி லா ஹோயா அன்று வற்றிப்போய்தான் இருந்தார், அதை நான் மறுக்கவில்லை. கோட்டோவை 145-க்கு இறக்கியதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் மார்கரிட்டோவை ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்? 2010 நவம்பர், 150 பவுண்டு கேட்ச்வெயிட். எடை பார்த்தபோது பாக்கியாவ் 144.6. சண்டை இரவில் மார்கரிட்டோ 165, பாக்கியாவ் 148. பதினேழு பவுண்டு வித்தியாசம்! ஆறாவது ரவுண்டில் வயிற்றில் வாங்கி பாக்கியாவ் துடித்தார், நானே பார்த்தேன். விழவில்லை. கடைசி ரவுண்டுகளில் மார்கரிட்டோவின் முகத்தைப் பார்த்து, நிறுத்துங்கள் என்பது போல நடுவரைத் திரும்பிப் பார்த்தவரும் பாக்கியாவ்தான். மார்கரிட்டோவின் கண்குழி எலும்பு உடைந்திருந்தது. கேட்ச்வெயிட் சலுகையாம்.

ஊக்கமருந்து என்று இழுப்பவர்களுக்கு ஒரு வரி போதும். ஒரு சோதனையிலும் அவர் சிக்கியதில்லை. அப்படிப் பேசியதற்காக அமெரிக்க வீரர் மேவெதர் தரப்பின் மேல் அவர் போட்ட அவதூறு வழக்கு 2012-ல் சமரசமானபோது, ஆதாரம் எதையும் தாங்கள் அறியவில்லை என்று மேவெதர் தரப்பே சொல்லிவிட்டது.

மார்க்கெஸுக்கு வருகிறேன், அந்தப் படம்தானே உங்கள் ஆயுதம். ஆறாவது ரவுண்டு முடிய ஒரு விநாடி இருக்கும்போது, முன்னால் பாய்ந்துகொண்டே நேராக அந்த வலது கையில் போய் மாட்டினார். அந்த அடியை யாரும் தாங்க மாட்டார்கள். அடித்தவரும் பெரிய உடம்புக்காரர் இல்லை, 126-ல் தொடங்கி பாக்கியாவோடு கூடவே ஏறி வந்தவர். பெரிய வெயிட்டுக்குப் போனதால் விழுந்தார் என்பதற்கு இந்தப் படத்தைக் காட்டினால் எப்படி? அதற்குப் பிறகு 40 வயதில், 2019-ல், அதுவரை தோற்றிராத தர்மனை முதல் ரவுண்டிலேயே தரையில் உட்கார வைத்து ஜெயித்தார். 2025 ஜூலையில் 46 வயதில் பாரியோஸோடு 12 ரவுண்டு, டிரா.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸைப் பாருங்கள். 2003 மார்ச்சில் ஹெவிவெயிட்டில் ரூயிஸை ஜெயித்தார். அந்தத் தசையை எல்லாம் கரைத்துக்கொண்டு தன் பழைய 175 பவுண்டுக்குத் திரும்பினார். 2004-ல் டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், நாலு மாதத்தில் கிளென் ஜான்சனிடம் ஒன்பதாவது ரவுண்டில். வயதும் ஒரு காரணம்தான், ஆனால் ஏறும்போது அவர் உடையவில்லையே.

இவ்வளவு கோபம் எதற்கு என்று இன்பாக்ஸில் கேட்ட அண்ணனுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி பள்ளிக்கூட நாட்களில் பாக்சிங் ஆடினான். சாதாரணமாக 53 கிலோ இருப்பான். டீமில் 48-க்கு ஆள் இல்லை என்று மாஸ்டர் அவனை 48-ல் போட்டார். ஸ்வெட்டருக்குள் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக்கொண்டு மத்தியான வெயிலில் ஓடினான். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே இருந்தான். அம்மா தட்டில் சோறு போட்டுவிட்டு அழுதாள். எடை வந்தது. ரிங்கில் இரண்டாவது ரவுண்டில், பிராக்டிஸில் அவன் சிரித்துக்கொண்டே வாங்குகிற மாதிரியான ஒரு சின்ன அடியில் உட்கார்ந்தான். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவன் அடி தாங்க மாட்டான்."

அந்தப் பேர் அவன்மேல் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் கிளவுஸை யாருக்கோ கொடுத்துவிட்டு நின்றுவிட்டான். 51-ல், 54-ல் இறக்கியிருந்தால் சாம்பியன் ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. தோற்றிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுத் தோற்றிருப்பான்.

அந்தப் பதிவு எனக்கு வெறும் பாக்கியாவ் பதிவு இல்லை. இன்றைக்கும் பிள்ளைகளைப் பட்டினி போட்டு ரிங்கில் ஏற்றுகிறவர்கள் அதைக் காட்டி, "பார்த்தாயா, மேலே போகாதே, கீழேயே இரு" என்று சொல்வார்கள். சிரித்த நண்பர்களே, உங்களில் இரண்டு பேர் இப்போது பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கிறீர்கள். உங்களிடம் வருகிற பையன் எடை பார்ப்பதற்கு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று உங்களுக்குத் தெரியுமா?

"மேவெதரிடம் தோற்றாரே" என்று இதற்கும் யாராவது வருவீர்கள். தோற்றார். 12 ரவுண்டும் நின்று, புள்ளியில் தோற்றார். நான் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றி இல்லை.