எந்தச் சட்டத்தின் கீழ், ஐயா?

சரி, வீடியோ எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிட்டது போல. ஞாயிற்றுக்கிழமை, வருடக்கணக்காக நடக்காமல் கிடக்கிற மாகாணசபைத் தேர்தலைப் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தையில் வைத்த கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டது நான்தான். பின்னால் கேட்கிற சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்ததுதான். "விடு மச்சான்" என்று இன்பொக்ஸில் ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. விடுகிற எண்ணம் இல்லை.

வீடியோவில் என் கேள்வி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் "மாகாணசபைத் தேர்தலை உடனே நடத்து" என்று முழங்கி முடித்திருந்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "நடத்தத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் நடத்தச் சொல்கிறீர்கள்?" தலைமை தாங்கிய ஐயா மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சொன்ன பதில் இது: "தம்பி கொம்பியூட்டர் ஆள். பட்டனை அமத்தினா எல்லாம் ஓடும் எண்டு நினைக்கிறார். அரசியலை எங்களிட்ட விடுங்கோ." சபை சிரித்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பட்டனை அமத்தினால் ஓடாது என்பதால்தான் ஐயா கேட்டேன்.

தெரியாதவர்களுக்காக அல்ல, தெரிந்தும் தெரியாத மாதிரி மேடையில் இருப்பவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 2017 செப்டெம்பர் 20. பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலம், மாகாணசபை வேட்பாளர் பட்டியல்களில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்குவது பற்றியது. நல்ல விஷயம், யார் எதிர்ப்பார்? சட்டமூலத்தை வரிவரியாகப் பார்த்துத் திருத்துகிற குழுநிலையில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் செருகினார்கள். வெளியே வரும்போது அது தேர்தல் முறையையே மாற்றுகிற சட்டமாகியிருந்தது. கட்சிக்கு விழுந்த வாக்குக்கு ஏற்ப ஆசனம் தருகிற முழு விகிதாசாரம் போய், பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். ஆதரவு 159, எதிர்ப்பு 37. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். அன்றைக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் எங்கள் தமிழ்க் கட்சி ஆட்களும் இருந்தார்கள். இதை மேடையில் யாரும் சொல்லவில்லை, நானும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. மரியாதைக்குக் கிடைத்த பரிசு உங்களுக்குத் தெரியும்.

புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அதன்மேல் வாக்கெடுப்பு. ஆதரவு பூச்சியம், எதிர்ப்பு 139. அறிக்கையைச் சபையில் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். (இந்த வரியை எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு அலுக்காது.) பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்றார்கள். வரவில்லை. 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார். எல்லைகள் முடிவாகாமல் புதிய முறையிலும் நடத்த முடியாது, பழைய முறைக்கும் போக முடியாது என்று பதில் வந்தது.

ஆகப் பழைய சட்டம் இல்லை. புதிய சட்டம் இருக்கிறது, ஆனால் ஓடாது. புதியதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த பழையதை அழித்துவிட்டார்கள். என் தொழிலில் இதைச் செய்தவனுக்கு அடுத்த நாள் ஓஃபிஸ் கதவு திறக்காது. அங்கே மேடையில் கதிரை போடுகிறார்கள்.

அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன், எந்தச் சட்டத்தின் கீழ்? "உடனே நடத்து" என்று தேர்தல் ஆணைக்குழுவைப் பார்த்துக் கத்துவதில் பயனில்லை. அவர்களாலும் இல்லாத சட்டத்தில் தேர்தல் வைக்க முடியாது. கேட்கவேண்டியது பாராளுமன்றத்தை. கேட்கவேண்டிய விஷயம் ஒரு சின்னத் திருத்தம்: இந்த ஒருமுறைக்காவது பழைய விகிதாசார முறையில் நடத்த வழிவிடுங்கள் என்று. இதற்குத் தனிநபர் சட்டமூலம்கூடக் கொண்டுவரப்பட்டது, அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் கொண்டுவந்தார். அதற்கு என்ன ஆனது என்று அன்றைக்கு மேடையில் ஒருவராவது பேசியிருந்தால் நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன். கவிதை வாசித்தார்கள். நல்ல கவிதைதான்.

இன்னொன்று. இது ஏதோ வடக்குக் கிழக்கின் பிரச்சினை, கொழும்பில் இருப்பவர்கள் அனுதாபம் காட்டவேண்டிய விஷயம் என்ற தொனியிலேயே கூட்டம் முழுக்க நடந்தது. கிழக்கு, வடமத்தி, சப்ரகமுவ சபைகளின் காலம் 2017இலேயே முடிந்தது. வடக்கு, மத்தி, வடமேல் 2018இல். மேல் மாகாணமும் தென் மாகாணமும் 2019 ஏப்ரலில். கடைசியாக ஊவா. ஒன்பது மாகாணத்திலும் இன்று ஜனாதிபதி நியமித்த ஆளுநர்தான். கொழும்பு இருக்கிற மேல் மாகாணம் என்றால் வேறு யார்? அந்த மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர். தங்கள் வாக்கே காணாமல் போயிருக்கிறது, யாருக்கும் உறைக்கவில்லை.

எப்படி உறைக்கும்? எங்கள் மாமா ஒருவர் இருக்கிறார், தெஹிவளையில். தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவு வருகிற நாளில் காலையில் இருந்தே ரிமோட் அவர் கையில்தான், வேறு யாரும் தொடக்கூடாது. கொளத்தூரில் என்ன, எடப்பாடியில் என்ன, எந்தச் சுற்றில் யார் முன்னிலை, எல்லாம் மனப்பாடம். மேல் மாகாண ஆளுநர் யார் மாமா என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்கும் ஆள் இருக்கா?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அங்கே நடப்பது ஆட்டம் மாதிரி இருக்கிறது, ஆறு சனலில் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு மாநிலத்தை இப்படிச் சும்மா போட்டுவைக்க முடியாது. ஜனாதிபதி ஆட்சி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாராளுமன்ற ஒப்புதல் வேண்டும், நீட்டிப்பதற்கும் மூன்று வருடம்தான் எல்லை. 1976இலும் 1991இலும் கருணாநிதி ஆட்சியைக் கலைத்ததை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். எங்களுடைய ஒன்பது சபைகளையும் யாரும் கலைக்கவே இல்லை. காலம் முடிந்தது, வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். கோபப்படுவதற்கு ஒரு முகம்கூட இல்லை.

(இடையில் ஒன்று: 2021இல் திமுக கூட்டணி எடுத்த இடங்கள் 159. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் இங்கே ஆளும் தேசிய மக்கள் சக்தி எடுத்த ஆசனங்கள் 159. எங்கள் தேர்தலைத் தின்ற சட்டத்துக்கு விழுந்த வாக்கும் 159. இதில் ஒரு அர்த்தமும் இல்லை. எண் கண்ணில் படுவது தொழில் வியாதி.)

இனி வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும்.

"மாகாணசபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தமே வெறும் கோது, அதற்கா இவ்வளவு மினக்கெடுகிறாய்?" கோது என்றால் 2013இல் வடக்கு மாகாணசபைத் தேர்தலில் 38இல் 30 ஆசனங்களை எதற்கு எடுத்தீர்கள்? போதாது என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். போதாது என்பதற்காக உள்ளதையும் தொலைத்துவிட்டு நிற்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை.

"ஆளுநரிடம்தானே முழு அதிகாரமும்?" உண்மை.

"இப்போதுதான் நேர்மையான அரசாங்கம் வந்திருக்கிறது, கொஞ்சம் பொறு." இதைச் சொல்வது என் ஓஃபிஸ் நண்பர்கள், சிங்களவரும் தமிழரும். 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் பக்கத்தில் நின்றவர்கள், அதனால் இவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன். மாகாணசபைத் தேர்தலை நடத்துவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியது நானல்ல. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159 என்பது மூன்றில் இரண்டுக்கும் மேலே. இந்தத் திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். யாருடைய தயவும் தேவையில்லை. இந்த அரசாங்கத்தின் தாய்க் கட்சியான ஜேவிபி 1987இல் மாகாணசபையை எப்படி எதிர்த்தது என்ற பழங்கதையை நான் இழுக்கவில்லை. பிறகு அதே சபைகளுக்கு அவர்கள் போட்டியிட்டார்கள், உறுப்பினர்களாக இருந்தார்கள், அது போகட்டும். ஆனால் செய்ய முடிந்ததைச் செய்யாமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பழங்கதையைத் தூசுதட்டிக் கொடுப்பது நீங்கள்தான். பொறு, பொறு என்று கேட்டே வளர்ந்தவர்களிடம் வந்து பொறு என்று சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நல்ல பேர் இல்லை.

கடைசி ரகம்தான் கொஞ்சம் சுட்டது. கூட்டம் முடிந்து பிளேன்ரீ ஊற்றும் இடத்தில் ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், தோளில் கைபோட்டுக் கேட்டார். "தம்பிக்கு எந்த ஊர்?" கொட்டாஞ்சேனை என்றேன். "இல்லை, சொந்த ஊர்?" அப்பா ஹட்டன் பக்கம் என்றேன். "ஆ..." என்றார். அந்த "ஆ"வோடு, நான் மலையகத் தோட்டத்துப் பிள்ளை என்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கை தோளிலிருந்து இறங்கி பட்டீஸ் தட்டுக்குப் போனது.

ஹட்டன் மத்திய மாகாணத்தில் இருக்கிறது, ஐயா. அங்கேயும் ஒரு சபை இருந்தது. நாட்டின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ்தான் வருகின்றன, தோட்டப் பாடசாலைகளும் அப்படித்தான். மத்திய மாகாணசபையில் தமிழ்க் கல்விக்கென்றே ஓர் அமைச்சர் இருந்த காலம் உண்டு. அப்போது எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று கதைவிடமாட்டேன். என் சித்தி ஆசிரியை. இடமாற்றத்துக்காக ஒரு மாகாணசபை உறுப்பினர் வீட்டு வாசலில் ஃபைலோடு காலையிலிருந்து நின்றிருக்கிறாள். அவர் வெளியே வந்து "நாளைக்கு வாங்க" என்று சொன்னார். அவமானம்தான். ஆனால் அடுத்த தேர்தலில் அந்த உறுப்பினர் எங்கள் லயத்துப் பக்கம் வந்தபோது சித்தி அந்த ஃபைலையே தூக்கிக் காட்டினாள். அவர் நெளிந்தார். இன்றைக்கு அவளுக்கு நெளிய வைக்க யார் இருக்கிறார்? ஆளுநர் யாரிடமும் வாக்குக் கேட்டு வருவதில்லை. அந்த வாசலும் இல்லை. இதைப் பேச எனக்கு எந்த ஊர் வேண்டும்? எந்த வேலை வேண்டும்?

வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. கூட்டம் தொடங்க முடியாமல், புரஜெக்டருக்கும் லேப்டொப்புக்கும் வயர் பொருந்தாமல் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றபோது, பையிலிருந்து அடப்டரை எடுத்துக் கொடுத்தது யார்? மண்டபத்து வைஃபை விழுந்தபோது நேரலை யாருடைய ஹொட்ஸ்பொட்டில் ஓடியது? அப்போது ஒருவரும் "நீ கொம்பியூட்டர் ஆள், தள்ளி நில்" என்று சொல்லவில்லை. நீங்கள் பார்த்த அந்தச் சிரிப்பு உலகத்துக்குப் போனது என் டேட்டாவில்.

சட்டத்தரணி ஒருவர் அரசியல் பேசலாம், ஓய்வுபெற்ற அதிபர் பேசலாம், வியாபாரி பேசலாம், கவிஞர் பேசியே தீரவேண்டும். காலை முதல் இரவு வரை "இந்த நிபந்தனை பொய்யானால் அடுத்தது என்ன நடக்கும்" என்று யோசிப்பதைப் பிழைப்பாக வைத்திருப்பவன் மட்டும் பேசக்கூடாது. நல்ல நியாயம்.

கீழே திட்டலாம், தடையில்லை. என்னை "தொழில்நுட்ப மேதை" என்று நக்கல் அடிக்கலாம், யாருடைய ஆள் என்று ஆராயலாம், ஹட்டனில் எந்தத் தோட்டம் என்றும் கேட்கலாம். ஆனால் "தேர்தலை உடனே நடத்து" என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் பதில் போடமாட்டேன்.