சீனி நார்மல்தான், ஆனால் கடைமடை காய்கிறது

"பாஸ்டிங் 5.4தான், எனக்கு ஒன்னுமில்ல." பினாங்கு ஒட்டுக்கடை மேசைகளில் இதைக் கேட்காத வாரம் இருக்காது. சொல்பவரின் இடைவார் தொப்பைக்குக் கீழே இறங்கி இருக்கும். அந்த 5.4ஐ நம்பி இன்னொரு தே தாரேக்கும் (கெட்டிப்பால் தேநீர்) வந்துவிடும். எண் பொய் இல்லை (இங்கே சீனி, கொழுப்பு எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிமோலில்). ஆனால் வெறும் வயிற்றுச் சீனியைப் பெரும்பாலும் ஈரல்தான் நிர்ணயிக்கிறது. சாப்பிட்ட பிறகு அந்தச் சீனியை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. தசை எப்படி இருக்கிறது என்று பாஸ்டிங் எண் அவ்வளவாகச் சொல்லாது.

இன்சுலின் ஒரு சாவி, அது செல்லின் கதவைத் திறக்கும் என்றே எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். சரி, சாவி கதவு வரைக்கும் வந்து சேர வேண்டாமா? இரத்தத்தில் இருக்கும் இன்சுலின் நுண்குழாய்களின் சுவரைத் தாண்டித்தான் தசையைத் தொட முடியும். அந்த வழியையும் அதுவே திறந்துகொள்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின், சின்னஞ்சிறு தமனிகளின் உள்சுவரைத் தட்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசைவளையம் தளர்கிறது. அதுவரை இரத்தம் சரியாக ஓடாமல் இருந்த நுண்குழாய்களிலும் ஓட்டம் பிறக்கிறது. சில நிமிடங்களில் இது நடந்துவிடுகிறது, தசை சீனியை முழு வேகத்தில் இழுப்பதற்கு முன்பாகவே.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த தாத்தா பாட்டிகளுக்குக் கடைமடை என்றால் விளக்கவே வேண்டாம். ஆற்றில் தண்ணீர் புரண்டாலும் மதகு திறக்காவிட்டால் கடைசி வயல் காயும். எலிகளில் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் தாராளமாக இருந்தும், அது தசைக்குள் கூடுதலாக இழுத்துவிடும் சீனியில் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. செல்லின் கதவில் கோளாறே இல்லை, மதகு மட்டும்தான் அடைபட்டது.

இன்சுலினுக்கு இன்னொரு கையும் உண்டு. அதே உள்சுவரில் எண்டோதெலின் என்ற பொருளையும் அது சுரக்க வைக்கும். அது குழாயை இறுக்கும். நல்ல உடம்பில் தளர்த்தும் கைதான் மேலோங்கி நிற்கும். உடல் பருத்தவர்களிடம் தளர்த்தும் பாதை மட்டும் மரத்துப்போகிறது, இறுக்கும் பாதை அப்படியே இருக்கிறது. ஈடுகட்ட கணையம் இன்சுலினை இன்னும் கொட்டுகிறது. கொட்டக் கொட்ட இறுக்கம் கூடுகிறது. பலருக்குச் சீனி ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிரஷர் ஏறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்துப்போக வைப்பது யார்? கொழுப்புதான். கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைத்த காலம் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட 1994ஓடு முடிந்தது. கொழுப்பும் ஒரு சுரப்பி, லெப்டின் அது சுரக்கும் ஹார்மோன். தொப்பை பெருகும்போது லெப்டின் ஏறி நரம்புகளை முறுக்கேற்றுகிறது. குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினுக்கான மூலப்பொருளும் கொழுப்பிலிருந்து கூடுதலாக வருகிறது. கொழுப்பே சுரந்து, நைட்ரிக் ஆக்சைடுக்குத் துணை நிற்கும் அடிப்போனெக்டின் மட்டும் எதிர்த்திசையில் போகிறது: கொழுப்பு கூடக் கூட அது குறைகிறது. இவற்றோடு, நிரம்பி வழியும் கொழுப்புச் செல்கள் கொழுப்பமிலத்தை ஓயாமல் இரத்தத்தில் விடுகின்றன. ஆம்ஸ்டர்டாமில் 2004இல் வந்த ஆய்வு ஒன்று இதை இரு பக்கமும் காட்டியது. ஒல்லியான பெண்களுக்குக் கொழுப்பமிலத்தை ஏற்றியபோது நுண்குழாய்கள் திறப்பது குறைந்தது. பருமனான பெண்களுக்கு மருந்தால் அதைக் குறைத்தபோது திறப்பு கூடியது. எடை ஒரு கிலோ கூட மாறாமலே!

அதனால்தான் "சீனியைக் குறை" என்ற ஒற்றை அறிவுரையில் எனக்கு உடன்பாடு இல்லை. தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டே நாசி கண்டார் சோற்றில் பொரித்த கோழி, கூவா பஞ்சிர் (சோறு மூழ்கக் குழம்பு) என்று அடித்தால் தட்டில் வெள்ளம், கடைமடையில் வறட்சி. கெட்டிப்பாலும் குற்றமற்றதல்ல. பாதிக்கு மேல் சீனிதான், ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 11 கிராம்.

நம்மவர்களுக்கு இது ஏன் கூடுதல் அவசரம்? 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. மொத்த நாட்டுக்கு அது 18.3. தெற்காசிய உடம்பு அதே எடையில் வயிற்றுக்குள் கூடுதல் கொழுப்பையும் குறைந்த அடிப்போனெக்டினையும் வைத்திருக்கிறது. அதனால் நமக்கு உடல் நிறைக் குறியீடு 23 தொட்டாலே கூடுதல் எடை, 27.5 என்றால் பருமன். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை என்றால் இன்னும் மோசம்.

அளப்பதிலும் ஏமாற்று நடக்கிறது. கால்சட்டை அளவை இடுப்பளவு என்று சொல்லாதீர்கள், வார் தொப்பைக்குக் கீழே அல்லவா போகிறது! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட முடிவில், வயிற்றை எக்காமல் அளக்கவும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரிலிருந்து எச்சரிக்கை.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போனால் என்ன கேட்பது? டிரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 1.7க்கு மேல், எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு ஆணுக்கு 1.0க்கும் பெண்ணுக்கு 1.3க்கும் கீழ் என்றால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்லை உடம்பு சரியாகக் கேட்காத நிலை, இருக்க வாய்ப்பு அதிகம். இதற்காகத் தனியார் லேபில் பணம் கொட்டி இன்சுலின் அளவு பார்ப்பது என் கணக்கில் வீண், லேபுக்கு லேப் எண் மாறும். சந்தேகம் இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையே மேல். 7.8 தாண்டினால் தசை தடுமாறுகிறது என்று பொருள். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சிக்கு நம் நாட்டு வழிகாட்டியில் இனிப்புநீரின் எல்லை 6.3 விழுக்காடு. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ இருப்பவர்களுக்கு அந்த எண் தவறலாம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நுண்குழாயின் நிலையை நேரடியாகக் காட்ட இரண்டு சன்னல்கள் உண்டு: கண்ணின் விழித்திரைப் படம், சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். இரண்டாவதற்கு விடியற்காலை முதல் சிறுநீர் நல்லது. அந்த விகிதம் 3 (மி.கி./மில்லிமோல்) தாண்டினால் பதற வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி எல்லாமே அதை ஏற்றிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று சோதனைகளில் இரண்டில் ஏறியிருந்தால்தான் கணக்கு.

இனி நல்ல செய்தி. தசை சுருங்கும்போது இன்சுலினைக் கேட்காமலே நுண்குழாய்கள் திறக்கின்றன, சீனியும் உள்ளே போகிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவரிடமும் இந்தப் பாதை வேலை செய்கிறது. ஆகவே சாப்பிட்டு எழுந்ததும் 15 நிமிடம் நடை. மழை என்றால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. ஞாயிறு காலை பூமலையில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: ஒரு நாள் உடற்பயிற்சியின் பலன் ஓரிரு நாளில் வடிந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்பது அதனால்தான்.

தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள் அருமையான பயிற்சி. ஆனால் இன்சுலின் ஊசியோ, சீனியைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. கை நடுங்கி வியர்த்தால் சீனி இறங்கியிருக்கலாம், உட்கார்ந்துவிடவும். 15 கிராம் சீனி, அதாவது ஒரு மேசைக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்கவும். பாதம் மரத்தவர்கள் வெயிலேறிய படியில் வெறுங்காலோடு ஏற வேண்டாம். நரம்புக்கு இரத்தம் கொடுப்பதும் அதே நுண்குழாய்கள்தான். அவை கெட்டுப்போனவருக்குக் கொப்புளம் போட்டது வீட்டுக்கு வந்து பாதத்தைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.