யோன் ஃபோஸ்ஸேயும் பயமும்

2023-இல் நோபெல் பரிசு கிடைத்ததிலிருந்து, நார்வே எழுத்தாளர் யோன் ஃபோஸ்ஸேயைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதோ கோயில் பிரகாரத்தில் நிற்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். சொல்ல இயலாதவற்றுக்குக் குரல் கொடுத்தவர் என்று ஸ்வீடிஷ் அகாதெமி பரிசுக் குறிப்பில் எழுதியது. அதன்பின் மௌனம், தியானம், ஆன்மிகம் ஆகிய மூன்றும் இல்லாமல் அவரைப் பற்றிய கட்டுரை வருவது அரிதாகிவிட்டது. ஆங்கிலம் வழியாக அவருடைய நாடகங்களையும் நாவல்களையும் தொடர்ந்து படித்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஃபோஸ்ஸேயின் மனிதர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது: அவர்களுக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கு அவரே சான்று. 2023 டிசம்பரில் ஆற்றிய நோபெல் உரையை அவர் தம் பள்ளி நாளொன்றிலிருந்து தொடங்கினார். ஆசிரியர் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல, எங்கிருந்தோ வந்த அச்சம் பிடித்துக்கொண்டதில், எழுந்து வகுப்பைவிட்டே வெளியே ஓடிவிட்டார். அந்தப் பயம் தம் மொழியையே பறித்துக்கொண்டது, பறிபோனதை மீட்டுக்கொள்ளத்தான் எழுத வேண்டியிருந்தது என்பது அவர் தரும் விளக்கம். ஏழு வயதில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, கையிலிருந்த பாட்டில் உடைந்து, மணிக்கட்டில் ரத்தக்குழாய் அறுபட்டுச் சாவின் வாசல்வரை போய்வந்ததையும் அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அப்போது கண்ட ஓர் ஒளியும் அதில் வருவதால் விமர்சகர்களுக்கு அந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. நான் வகுப்பறைக்கே அதிக எடை தருவேன். ஏனென்றால் விபத்து ஒருமுறை வந்து போய்விடும், நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டிய கட்டாயமோ தினமும் வரும்.

1959-இல் ஹௌகெசுண்டில் பிறந்து, ஹார்டங்கர் ஃபியோர்டின் (மலைகளுக்கிடையே நீளும் கடற்கழி) கரையிலுள்ள ஸ்ட்ராண்டபார்மில் வளர்ந்தவர். முதல் நாவல் 1983-இல் வந்தது. நார்வேயின் இரண்டு எழுத்து வழக்குகளில் சிறுபான்மையினர் கைக்கொள்ளும் நைனோர்ஸ்கிலேயே இன்றுவரை எழுதுகிறார். நாடகத்துக்கு அவர் வந்ததில் எந்தத் தெய்வீகமும் இல்லை. எழுத்தை மட்டும் நம்பிக் கையில் காசில்லாமல் இருந்த நாட்களில், நிதியுதவிக்கு விண்ணப்பிக்க நாடகத்தின் தொடக்கத்தை மட்டும் எழுதித் தாருங்கள் என்று யாரோ கேட்கப்போய், அவர் முழு நாடகத்தையும் எழுதி முடித்துவிட்டார். அதுதான் ‘யாரோ வரப்போகிறார்கள்’.

கதை என்று பார்த்தால் ஒரு பத்திக்குத் தாங்காது. நடுவயதைக் கடந்த ஓர் ஆணும் அவனைவிட மிக இளையவளான ஒரு பெண்ணும் கடலோரத்துப் பழைய வீடொன்றை வாங்கிக்கொண்டு, இனி நாம் இருவரும் தனியாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்; சொல்லச் சொல்ல அவர்கள் அதை நம்பவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. யாரோ வரப்போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியபடியே ஒருவன் வருகிறான். வீட்டை விற்றவன் அவன், செத்துப்போன பாட்டியிடமிருந்து அது அவனுக்கு வந்தது. சுவரில் பழைய புகைப்படங்கள், கட்டிலுக்கடியில் காலிசெய்யப்படாத மூத்திரச் சட்டி, எதுவும் அப்புறப்படுத்தப்படவில்லை. வந்தவன் போகும்முன் அவளிடம் தன் தொலைபேசி எண்ணைக் கொடுக்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் அந்த எண் அவள் கையில் இருக்கிறது என்பது தெரிந்தபிறகு கணவன்போல் வந்த அந்த மனிதன் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் வரும் இடைவெளியில் பொறாமையைத் தவிர வேறெதுவும் இல்லை.

நார்வேக்காரர், நாடகாசிரியர் என்ற இரண்டே பொருத்தங்களை வைத்து அவரைப் புதிய இப்சன் என்று அழைப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. இப்சனின் வரவேற்பறைகளில் புதைத்துவைத்த ரகசியம் ஒன்று பேசப்பேச மேலே வந்து வீட்டையே உடைக்கும். ஃபோஸ்ஸேயிடம் தோண்டி எடுக்க ரகசியமே கிடையாது, எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரியும், அதனால்தான் வாயைத் திறக்க அஞ்சுகிறார்கள்.

உரைநடையிலும் இதே கதைதான். ஏழு பாகங்கள் கொண்ட ‘செப்டாலஜி’ நாவல் முழுவதும் முற்றுப்புள்ளி இல்லை என்பதை ஒரு சாதனைபோலச் சொல்கிறார்கள். ஓவியர் ஆஸ்லே, தம் பெயரையே கொண்ட, குடியில் மூழ்கிய இன்னோர் ஓவியரின் குடியிருப்பைக் காரில் கடந்து வருகிறார். இறங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார். வீட்டுக்கு வந்தபிறகும் அந்த நினைப்பு விடாததால் கொட்டும் பனியில் மறுபடி நகரத்துக்கே காரைத் திருப்புகிறார். குற்றவுணர்வும் கவலையும் பிடித்த மனம் எங்கே முற்றுப்புள்ளி வைக்கும்? தாமும் குடியோடு போராடி, 2012 வாக்கில் அதை நிறுத்தி, கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் எழுதியது என்பதை மறந்துவிட்டு இதை வெறும் வடிவச் சோதனையாகப் படிப்பது அநியாயம்.

முதலில் படிக்க வேண்டியது 2000-இல் வந்த ‘காலையும் மாலையும்’ என்பேன். அது சிறிய நாவல். முதியவரான மீனவர் யோஹன்னெஸ், எப்போதோ இறந்துவிட்ட நண்பன் பேட்டரோடு படகில் போய்த் தூண்டிலை வீசுகிறார். ஈயக்குண்டு கொஞ்ச ஆழத்தில் நின்றுகொண்டு மேற்கொண்டு கீழே இறங்க மறுக்கிறது, கடல் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் முடிவெட்டிக்கொண்டு காசை மிச்சம்பிடித்த அந்த இருவரின் பேச்சில் தத்துவம் ஒரு வரிகூட இல்லை.

குறைகளும் உண்டு. நாடகங்கள் பல ஒன்றுபோலவே இருக்கின்றன. கடலைப் பார்த்தபடி ஜன்னலருகே நிற்கும் பெண்ணை அவர் அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டார். மேடையேற்றுபவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். 1999-இல் பாரிஸை அடுத்த நான்டேரில் பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் ரெஜி ‘யாரோ வரப்போகிறார்கள்’ நாடகத்தை அரங்கேற்றியதுதான் ஃபோஸ்ஸேயை நார்வேக்கு வெளியே கொண்டுபோனது. மங்கிய வெளிச்சமும் மிக மெதுவான அசைவும் ரெஜியின் கையெழுத்து, அவருக்கு அது பொருந்தியது. அவரைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்டவர்கள்தான் ஃபோஸ்ஸேயைத் துக்கவீட்டு நாடகமாக்கினார்கள். பிரதியில் அவர் ‘இடைவெளி’ என்று எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் நடிகர் ஆகாயத்தைப் பார்க்காமல் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தால், நாடகம் கால் மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிடும்.