சிபிஆர்: பார்ப்பது வேறு, அழுத்துவது வேறு
இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவிதான் சிபிஆர். “சிபிஆர் வீடியோவைப் பத்து முறை பார்த்தால் போதும், பொம்மையை வைத்துப் பயிற்சி எடுப்பது வீண்செலவு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எதற்குப் பின் எதைச் செய்வது என்ற வரிசையை மனப்பாடம் செய்ய வீடியோ போதும். அழுத்தத்தைக் கை பழகினால்தான் உண்டு.

பெரியவர்களுக்கு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். திரையில் 5 செ.மீ. சாதாரணமாகத் தெரியும், பொம்மையில் அழுத்தினால்தான் அதற்கு எவ்வளவு பலம் தேவை என்று புரியும். புதியவர்கள் முழங்கையை மடக்கிக் கைபலத்தால் தள்ளுவார்கள், ஆழம் வராது. முழங்கை நேராக, தோள் கைகளுக்கு நேர்மேலே இருந்தால் உடல் எடையே வேலையைச் செய்துவிடும்.

கண்ணுக்கே படாத தவறு இன்னொன்று: ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சின் மேல் சாய்ந்தே இருப்பது. நெஞ்சு முழுவதும் மேலெழும்பாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. களைப்பும் அப்படித்தான், அழுத்துபவர் உணரும் முன்பே ஆழம் குறைந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது அதனால்தான். (தலையணையில் பழகலாமா? தாளம் பிடிபடும், ஆழம் பிடிபடாது. மெத்தையில் கிடப்பவரையும் தரையில் இறக்குங்கள்.)

ஒருமுறை கற்றதுகூடச் சில மாதங்களில் மங்கும், மறுபடி பழக வேண்டும்.

ஆனால் பயிற்சி இல்லை என்று யாரும் கையைக் கட்டி நிற்க வேண்டாம். 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்தத் தொடங்குங்கள்.