பழகியிருக்கிறான், சரியாகிவிடவில்லை

காவேரிப்பட்டணம் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "மாமா வெகுளியா கேட்டுட்டாரு, இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே" என்று இரண்டு நாளாக போன் வருகிறது. எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அறிவுசார் குறைபாடுள்ள என் பையன் பந்தியில் தண்ணீர் ஊற்றினான். "நல்லாத்தானே இருக்கான்? அப்புறம் எதுக்கு சர்டிபிகேட்டு?" என்றார் மாமா, மாற்றுத்திறனாளி சான்றிதழைத்தான். சரி மாமா, மாதம் 2000 ரூபாய் உதவித்தொகைக்காக 15 வருடமாகக் குடும்பத்தோடு நடித்துக்கொண்டிருக்கிறோம்.

அவன் பழகியிருக்கிறான். சரியாகிவிடவில்லை.

சட்டை பட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறப்பு ஆசிரியை சொன்னபடி மேலே உள்ளதையெல்லாம் நாங்கள் போட்டு, கடைசி ஒன்றை மட்டும் அவனுக்கு விட்டோம். அது வந்ததும் கடைசி இரண்டு. சட்டையை முடிப்பது எப்போதும் அவன் கையாகவே இருக்க வேண்டுமாம். முழுச் சட்டைக்கு எட்டு மாதம் ஆனது. மாமா பார்த்தது அந்த எட்டு மாதத்தை அல்ல, இஸ்திரி போட்ட சட்டையை.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டமே அறிவுத்திறனோடு அன்றாட வாழ்க்கைத் திறனையும் சேர்த்துத்தான் பேசுகிறது. சான்றிதழுக்கான மருத்துவ முகாமில் ஐக்யூவோடு நிற்பதில்லை. தானே சாப்பிடுவானா, தெருவில் தனியாகப் போவானா, காசு கொடுத்துப் பொருள் வாங்குவானா என்று அன்றாடத் திறனுக்கு மார்க் போடும் வைன்லேண்ட் அளவுகோலை வைத்து அம்மாவிடம் கேட்பார்கள். "இவ்வளவு செய்றவனுக்கு மார்க் கூட வருமே?" என்பீர்கள். வரும். மார்க் கூடினால் சான்றிதழில் குறைபாட்டின் சதவீதம் குறையும். பட்டன் போடுவான் என்று சொல்லலாமா வேண்டாமா என்று அன்று நானே ஒரு நிமிடம் தடுமாறினேன். என் மனைவி பட்டென்று "போடுவான் மேடம்" என்றாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

தினமும் பால் வாங்கி வருவான். ஒருநாள் கடை பூட்டியிருந்தது. எதிர்க்கடையிலும் பால் உண்டு. 50 ரூபாயைக் கையில் மடித்துப் பிடித்தபடி ஷட்டர் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறான். பிடிவாதம் என்றார்கள். பிடிவாதம் இல்லை சாமி, அவன் கற்றது அந்தக் கடையை!

நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்கிறவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

அன்றைக்கு மாமா பேசி முடித்ததும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் தப்புதான். பாதியில் நிறுத்தினால் விட்ட இடம் அவனுக்குத் தெரியாது. திரும்ப முதல் இலைக்குப் போய், நிறைந்திருந்த டம்ளரிலேயே ஊற்ற ஆரம்பித்தான். இலையெல்லாம் தண்ணீர். யாரோ சிரித்தார்கள். அவனும் கூடவே சிரித்தான்.