நம் வகுப்பறைப் பிள்ளைகள் நம் கதைகளில் எங்கே?

வேலை நிமித்தம் சிங்கப்பூருக்கு வந்து, பகலில் தமிழ் கற்பித்து இரவில் கதை எழுதும் என் போன்றவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வகுப்பில் தினமும் நம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகள், நம் கதைகளுக்குள் ஏன் வருவதேயில்லை?

அவர்களில் பலர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்ன குடியிருப்பாளர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு ஒரு பாடவேளைக்கு மட்டும் தமிழுக்குள் வரும் பிள்ளையிடம், காவிரிக் கரையையும் தேர்த் திருவிழாவையும் மட்டுமே சொல்லும் கதைகளை நீட்டினால், தமிழ் தாத்தா பாட்டியின் ஊருக்கு உரியது, தனக்கு உரியதல்ல என்றே அது முடிவு செய்துவிடும். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் கொடுத்தனுப்பும் பலகாரமும், துணைப்பாட வகுப்பு முடிந்து எம்ஆர்டி ரயிலில் தூங்கி விழும் சிறுமியும், கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக்குப் புறப்படும் அண்ணனும் தமிழில் வர வேண்டும். இங்கு வேரூன்றிய எழுத்தாளர்கள் இந்த வாழ்க்கையை எழுதியே இருக்கிறார்கள். ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே சிறுகதைகள் எழுதிய இராம கண்ணபிரானுக்கு 1998இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது. பின்னால் வந்த நாம்தான் அந்தக் கதைகளைப் படிக்காமலேயே எழுதத் தொடங்கிவிடுகிறோம்.

சொந்த ஊரை எழுதக் கூடாது என்பதல்ல என் வாதம். இளமைக்காலம் அங்கே கழிந்திருக்க, அதை எப்படி விட முடியும்? திருவாரூரில் பிறந்த கோ. சாரங்கபாணியும் 1924இல் இங்கு வந்தவர்தான். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழை வளர்த்தெடுத்த அவர், தமிழர்கள் இந்நாட்டுக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி நிதி திரட்டினார். அந்நாளிதழின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தின் வழியே இளையரை எழுதப் பழக்கினார். அவர் முதலில் பார்த்தது இங்கிருந்த வாசகரை.

நம் தயக்கத்தின் காரணமும் எனக்குத் தெரியும். வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்ற கவலையோடு வாழ்பவருக்கு இந்த இடத்தைத் தனதென்று எழுதக் கை வராது. சென்னையில் அச்சானால்தான் எழுத்தாளர் என்ற எண்ணமும் நம்மை விடுவதில்லை. ஆனால், ஒப்பந்தம் முடிந்து திரும்பப் போகிறவர்கூட, தாம் கற்பித்த பிள்ளைகள் தங்களை அடையாளம் கண்டு படிக்கும்படி ஒரு கதையை எழுதிவிட்டுப் போகலாம். தமிழ்நாட்டு இதழ் அதைத் திருப்பி அனுப்பினால், தமிழ் முரசுக்கு அனுப்புங்கள்.