பறவைக்கு அறிவில்லையாம்

கைதட்டலுக்காகக் குழந்தைகள் கையில் பலூன்களைக் கொடுத்து வானில் பறக்கவிட்டார்கள். "இதெல்லாம் காற்றோடு போய்க் கடலில் விழும், வேண்டாமே" என்று சமூக வலைத்தளத்தில் இரண்டே வரி எழுதினேன். அதற்கு வாங்கிய வசவுகூடப் பெரிதில்லை. "பலூனுக்கும் இரைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பறவைக்கு அறிவில்லைன்னா நாங்க என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டாரே, அதன் கீழே விழுந்த சிரிப்புக் குறிகள்தான் ராத்திரி தூங்கவிடவில்லை.

பறவைக்கு அறிவு இருக்கிறது. வேறெதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஷியர்வாட்டர், பெட்ரல் போன்ற கடற்பறவைகள் பல மோப்பம் பிடித்து இரை தேடுபவை. கடலில் மிதக்கும் நுண்பாசியைச் சின்னச் சின்ன உயிர்கள் மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்றொரு வாடை கிளம்பும். அந்த வாடை வந்தால் அங்கே சாப்பாடு உண்டு. பிளாஸ்டிக் சில வாரம் கடலில் கிடந்தால் அதன்மேல் பாசி படிந்து அதே வாடை அடிக்கிறது. 2016இல் வந்த ஆய்வு இது. இந்த வாடையைப் பின்தொடரும் இனங்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாகப் பிளாஸ்டிக் விழுங்குகின்றன. மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. கடலைக் கெடுத்தது யார்?

பசிபிக் கடலின் மிட்வே தீவில் கூடு கட்டும் லேசன் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் மீன் தன் முட்டையை மிதக்கும் பொருள்மேல் ஒட்டிவைக்கும். மிதப்பது பிளாஸ்டிக் என்றால், தாய்ப் பறவை முட்டையை அந்தப் பிளாஸ்டிக்கோடு அள்ளிக்கொண்டு கடல் தாண்டி வந்து குஞ்சின் வாயில் கக்கும். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் குஞ்சுக்குமா அறிவில்லை?

ஒருமுறை, கரையில் ஒதுங்கிய ஷியர்வாட்டர் ஒன்றை அறுத்துப் பார்க்கும்போது கூடமாட உதவினேன். கையில் தூக்கியதும் திடுக்கிட்டேன், கனமே இல்லை. நெஞ்சுச் சதை வற்றி, நடு எலும்பு கத்தி முனைபோல விரலில் குத்தியது. ஆனால் வயிறு மட்டும் உப்பியிருந்தது. அறுத்ததும் கெட்டித் துண்டுகள் சல்லடையில் கலகலவென்று விழுந்தன. கடைசியாக, இரைப்பையின் குறுகலான வாயில் சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. இடுக்கியால் இழுக்க இழுக்க நீண்டு வந்தது. பலூன் ரப்பர். முடிச்சுகூட அவிழவில்லை. வயிறு நிறையப் பட்டினி கிடந்து செத்திருக்கிறது. அதன்பிறகு முடிச்சுப் போட்ட பலூனை என்னால் கையில் வாங்க முடிந்ததில்லை.

"ரப்பர் பலூன்தான், மக்கிடும்" என்பார்கள். அதையும் சோதித்துவிட்டார்கள். நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் மக்கும் உரக் குவியலிலும் 16 வாரம் போட்டுவைத்தும் பலூன் பலூனாகவேதான் கிடந்தது. 2019இல் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கடற்பறவைகளை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வில், கெட்டிப் பிளாஸ்டிக்கைவிடப் பலூன் துண்டு விழுங்கினால் சாகும் வாய்ப்பு 32 மடங்கு என்று தெரிந்தது. கெட்டித் துண்டு எப்படியோ நகர்ந்து போய்விடலாம். பலூன் வளைந்து கொடுத்து, ஒட்டிக்கொண்டு, வழியை அடைத்துவிடும்.

"தூண்டில் கப்பல்களில் சிக்கி எவ்வளவோ சாகுது, அதைக் கேக்கமாட்டியா?" கேட்கிறேன். நீளத் தூண்டில்களில் மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 1,60,000 கடற்பறவைகள் சாகின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதற்காகப் பலூன் விடலாம் என்று ஆகிவிடுமா? அங்கே ஒருவருடைய பிழைப்பாவது இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? பத்து நிமிடக் கைதட்டல்.

"குழந்தைங்க சந்தோஷத்தைக் கெடுக்காதே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. குழந்தைகளா பலூன் கேட்டார்கள்? வாங்கி ஊதிக் கொடுத்தது நாம். அவர்களிடம் இது எங்கே போய் விழும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் கயிற்றை விட்டிருக்காது.

என்னை எதிர்ப்பதில் வருத்தமில்லை. என்னைத் திட்டுங்கள். செத்த பறவையைப் பார்த்து அறிவில்லை என்று சொல்லிச் சிரிக்காதீர்கள்.

சிரிப்புக் குறி போட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். அன்று அந்த மேசையில் எனக்கு எதிரே நின்று சல்லடையைப் பிடித்துக்கொண்டிருந்தவரும் அதில் இருக்கிறார்.